வலி தூங்கும், கால் விழித்திருக்கும்

இடுப்பு வலிக்கிறது என்று நிறைமாதப் பெண் சொன்னதும் சித்தூர் பக்கத்து வீடுகளில் முதலில் அடுப்பில் ஏறுவது சீரகக் கஷாயம். குடித்துச் சற்று நேரத்தில் அடங்கிவிட்டால் அது சூட்டு வலி. அடங்காமல் விட்டு விட்டு வந்து, வரவர நெருங்கினால் அது பிள்ளை வலி. வண்டியைக் கூப்பிட வேண்டியதுதான். தமிழும் தெலுங்கும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து பேசும் பங்காருபாளையத்தில் ‘நொப்புலு’ என்று சொன்னாலும் வலி அதேதான். எது நிஜ வலி என்று கண்டுபிடிக்கப் பாட்டிமாரிடம் ஒரு டம்ளர் கஷாயம் இருந்தது. நிஜ வலிதான் என்று தெரிந்த பிறகு அவர்களிடம் மிஞ்சியிருந்த மருந்து ஒன்றே ஒன்று: “பல்லைக் கடிச்சிக்கோம்மா, இதோ ஆயிடுச்சு.”

அந்த ‘இதோ’வுக்குத் தலைப்பிரசவத்தில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம்கூட ஆகும்.

இன்று வசதியுள்ள ஒரு பிரசவ அறையில் இந்த வலிக்கென்றே ஒரு மருந்து கலக்கப்படுவதைப் பார்க்கலாம். தமிழில் மயக்க டாக்டர், தெலுங்கில் மத்து டாக்டர் என்று ஊரார் அழைக்கும் மருத்துவர் 50 மில்லி சிரிஞ்சு ஒன்றை எடுக்கிறார். 0.5 சதவீத பூப்பிவகெயின் 10 மில்லி உறிஞ்சுகிறார். ஃபென்டனில் ஆம்பூலை உடைத்து 2 மில்லி சேர்க்கிறார். மீதி 38 மில்லியும் உப்பு நீர், அதாவது சலைன். கணக்குப் போட்டால் ஒவ்வொரு மில்லியிலும் 1 மில்லிகிராம் பூப்பிவகெயின், 2 மைக்ரோகிராம் ஃபென்டனில். முதுகில் செருகிய, நூல் போன்ற குழாய் வழியாக இது சொட்டுச் சொட்டாக இறங்குகிறது. வயிறு இறுகுவது பெண்ணுக்குத் தெரிகிறது. வலி மட்டும் தூரத்து இடி போல எங்கோ கேட்டுவிட்டுப் போகிறது. காலை அசைக்கிறாள், பக்கத்தில் இருக்கும் அம்மாவிடம் பேசுகிறாள், நேரம் வந்ததும் முக்குகிறாள்.

50 பங்கில் 38 பங்கு உப்பு நீர்! மருந்து இந்த அளவுக்கு நீர்த்துப்போக நூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. மருந்துகள் பிறந்த கதை பெரும்பாலும் வீரியம் கூட்டிய கதையாக இருக்கும். இது குறைத்த கதை.

கைக்குட்டையில் தொடங்கியது

எடின்பரோ நகரத்து மருத்துவர் ஜேம்ஸ் யங் சிம்ப்சன் 1847 ஜனவரியில் பிரசவ வலிக்கு ஈதர் கொடுத்துப் பார்த்தார். அந்த ஆண்டு நவம்பரிலேயே குளோரோஃபாமுக்கு மாறினார். வேதனையோடு பிள்ளை பெறுவாய் என்று பைபிளில் இருக்க, அதைத் தடுக்க மனிதனுக்கு என்ன உரிமை என்று பாதிரிமாரிலும் மருத்துவர்களிலும் சிலர் கேட்டார்கள். 1853-இல் விக்டோரியா ராணி இளவரசர் லியோபோல்டைப் பெற்றபோது, ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் கைக்குட்டையில் கொஞ்சம் கொஞ்சமாகக் குளோரோஃபாம் ஊற்றி முகரக் கொடுத்தார். ராணியே வாங்கிக்கொண்டார் என்றதும் கேட்ட வாய்கள் பல மூடிக்கொண்டன.

ஸ்னோ ராணியை முழுதாக மயங்க விடவில்லை. நினைவு தப்பாமல், வலியின் கூர் மட்டும் மழுங்கும் அளவுக்குத்தான் கொடுத்தார். ‘குறைவே போதும்’ என்ற எண்ணத்தின் விதை அந்தக் கைக்குட்டையிலேயே இருந்தது.

ஆனால் குளோரோஃபாம் சிலரைக் கொன்றது. எப்படிக் கொல்கிறது என்ற சண்டை நம் பக்கத்திலும் நடந்தது. ஹைதராபாத்தில் நிஜாமின் பணத்தில், எட்வர்டு லாரி என்ற மருத்துவரின் முயற்சியில், 1888-லும் 1889-லும் இரண்டு குளோரோஃபாம் கமிஷன்கள் உட்கார்ந்தன. நூற்றுக்கணக்கான விலங்குகளில் சோதித்துவிட்டு, மூச்சைக் கவனித்தால் போதும், இதயத்துக்கு நேரடி ஆபத்தில்லை என்று அவை தீர்ப்பளித்தன. அதே ஊரில் குளோரோஃபாம் கொடுத்த ரூபாபாய் ஃபர்தூன்ஜியை உலகின் முதல் பெண் மயக்கவியல் மருத்துவராகப் பலர் கருதுகிறார்கள். கமிஷனின் தீர்ப்பு மட்டும் நிற்கவில்லை. லேசான குளோரோஃபாம் மயக்கத்திலேயே இதயம் தாளம் தப்பி நின்றுபோக முடியும் என்று 1911-இல் லண்டனில் நிரூபித்தார்கள். இதயத்தைப் பற்றிய இந்தத் தப்புக் கணக்கு, வேறொரு மருந்தின் வடிவில் எழுபது வருஷம் கழித்துத் திரும்பி வந்தது. அதைப் பிறகு பார்ப்போம்.

முதுகுக்கு வந்த ஊசி

முகரும் மருந்து தாயின் மூளைக்கும் போகும், பிள்ளைக்கும் போகும். வலி புறப்படும் இடத்திலேயே அதை மறிக்க முடியுமா? 1884-இல் வியன்னாவில் கார்ல் கொல்லர் கண்ணில் கொக்கெய்ன் சொட்டு விட்டு, வலியில்லாமல் கண்ணில் அறுவை செய்யலாம் என்று காட்டினார். அதே கொக்கெய்னை 1898-இல் ஜெர்மனியின் கீல் நகரில் ஆகஸ்ட் பியர் முதுகுத்தண்டின் நீர்ப்பைக்குள் செலுத்தினார். முதலில் நோயாளிகளுக்கு, பிறகு தனக்கே. அவருடைய ஊசியும் சிரிஞ்சும் ஒன்றோடொன்று பொருந்தாமல் போக, முதுகுநீர் ஒழுகியதுதான் மிச்சம். உடனே உதவியாளர் ஹில்டெப்ராண்ட் தன் முதுகைக் காட்டினார். அவர் காலில் சுத்தியலால் அடித்தார்கள், தீயை வைத்தார்கள், ஒன்றும் தெரியவில்லை. வெற்றியைக் கொண்டாட ஒயினும் சுருட்டும் ஆயிற்று. மறுநாள் இருவருக்கும் தலைவலி. பியர் எழுந்தாலே தலை சுற்றிப் பல நாள் படுக்கையில் கிடந்தார். முதுகில் ஊசி போட்டபின் சிலருக்கு வரும் தலைவலியை உலகம் அறிந்தது அப்படித்தான்.

இரண்டு வருஷத்தில், 1900-இல், சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் ஆஸ்கர் கிரெய்ஸ் இதே ஊசியைப் பிரசவத்தில் போட்டார். ஆறு பெண்களுக்கு வலி போனது. ஆனால் வாந்தியும் தலைவலியும் வந்தன, மருந்தின் வேலையும் சீக்கிரம் முடிந்துபோனது.

நீர்ப்பையைத் துளைக்காமல் இருக்க ஒரு வழி இருந்தது. தண்டுவடத்தைச் சுற்றி ஒரு நீர்ப்பை, அதற்கு வெளியே எலும்புக் கூடு. இரண்டுக்கும் நடுவே கொழுப்பும் இரத்தக் குழாய்களும் அடைந்த ஒரு குறுகலான சந்து. எபிடூரல் என்பது அந்தச் சந்துதான். கருப்பையிலிருந்து வலியைச் சுமந்து வரும் நரம்புகள் தண்டுவடத்துக்குள் நுழையும் முன் அதைக் கடந்தாக வேண்டும். ஜெர்மானியர் வால்டர் ஷ்டொக்கல் 1909-இல், வால் எலும்புப் பக்கமாக அந்தச் சந்துக்குள் மருந்து செலுத்திப் பிரசவ வலியைக் குறைத்த 141 பெண்களைப் பற்றி எழுதினார். 1921-இல் ஸ்பெயின் ராணுவ மருத்துவர் ஃபிதெல் பாகெஸ் இடுப்புப் பக்கமாகவே அதற்குள் நுழையும் வழியை எழுதி வைத்தார். இரண்டே வருஷத்தில் சாலை விபத்தில் அவர் இறந்துபோக, அவர் எழுதியது ஸ்பானிய மொழிக்குள்ளேயே முடங்கியது. 1930-களில் இத்தாலியின் தொலியோட்டி அதே வழியைத் தானாகக் கண்டுபிடித்து உலகறியச் செய்தார்.

அவர் சொன்ன உத்திதான் இன்றும் கைப்பழக்கம். சிரிஞ்சின் தண்டை அழுத்திக்கொண்டே ஊசியை நகர்த்த வேண்டும். கெட்டியான தசைநாரில் ஊசி இருக்கும்வரை தண்டு அசையாது. சந்துக்குள் முனை நுழைந்த நொடி எதிர்ப்பு விட்டுப்போய்த் தண்டு சட்டென்று இறங்கும். அந்த ‘சட்’ கண்ணுக்குத் தெரியாது. கட்டைவிரலுக்குத்தான் தெரியும்.

ஒரு தடவை போட்டால் மருந்து ஒன்றிரண்டு மணி நேரம் நிற்கும். பிரசவம் அதோடு நிற்காதே! 1947-இல் கியூபாவின் ஹவானாவில் மானுவல் மார்டினெஸ் குர்பேலோ, முனை வளைந்த டூயி ஊசிக்குள் சிறுநீர்க் குழாய்க்கான மெல்லிய கத்தீட்டரை நுழைத்து எபிடூரல் சந்தில் விட்டுவைத்தார். ஊசியை உருவிவிட்டு, வேண்டும்போது குழாயில் மருந்து சேர்க்கலாம். பாதை தயார். பாதையில் எதை அனுப்புவது என்பதுதான் அடுத்த கேள்வி.

போஃபர்ஸ் தந்த முதல் பங்கு

போஃபர்ஸ் என்றால் நமக்குப் பீரங்கியும் ஊழல் வழக்கும்தான் நினைவுக்கு வரும். பிரசவ வலிக்கு உலகெங்கும் போகும் பூப்பிவகெயினும் அந்த ஸ்வீடன் நிறுவனத்தின் மருந்து ஆய்வகத்தில்தான் பிறந்தது. 1957-இல் போ அஃப் எகென்ஸ்டாம் உருவாக்கிய இது 1960-களில் மருத்துவமனைகளுக்கு வந்தது. பழைய மருந்துகளைவிட அதிக நேரம் நின்றது; தாயிடமிருந்து பிள்ளைக்குக் கடந்ததும் குறைவு. பிரசவத்துக்கென்றே செய்தது போல இருந்தது.

கொஞ்ச காலத்துக்கு அப்படித்தான் நினைத்தார்கள். 0.25, 0.5 சதவீதம் என்று தாராளமாகக் கொடுத்தார்கள். வலி அறவே போயிற்று. கூடவே காலும் போயிற்று. இடுப்புக்குக் கீழே மரக்கட்டை. வலியை ஏற்றிச் செல்வது மெல்லிய நரம்பு இழை, தசையை அசைப்பது தடித்த இழை. குறைந்த மருந்துக்கு மெல்லியது முதலில் அடங்கும், தடித்தது தாக்குப்பிடிக்கும். மருந்து கூடினால் இரண்டும் சாயும். முக்க வேண்டிய நேரத்தில் எங்கே முக்குவது என்று தெரியாமல் பெண்கள் தவித்தார்கள். பிள்ளையின் தலை திரும்பி இறங்க இடுப்படித் தசைகளின் விறைப்பு உதவ வேண்டும், அதுவும் தளர்ந்துவிடும். ஆயுதக் கேஸ் என்று நம் ஊரில் சொல்கிறோமே, இடுக்கியும் வாக்குவமும் போட்டு எடுக்கும் பிரசவம், அது கூடிற்று. வலியில்லாப் பிரசவம் என்றாலே இடுக்கிப் பிரசவம் என்று பேர் வந்தது இந்தக் காலத்தில்தான்.

அதைவிடப் பெரிய அடி இதயத்திலிருந்து வந்தது. எபிடூரல் சந்தில் இரத்தக் குழாய்கள் நிறைய. கர்ப்பிணிக்கு அவை புடைத்தும் இருக்கும். குழாயின் முனை தவறி அவற்றுக்குள் போனால் மருந்து நேரே இதயத்துக்குப் போகும். 1979-இல் அமெரிக்க மருத்துவர் ஜார்ஜ் ஆல்பிரைட், பூப்பிவகெயின் போன்ற வீரிய மருந்துகள் இரத்தத்தில் கலந்தால் இதயம் நின்றுவிடுகிறது, நின்ற இதயத்தைத் திரும்ப ஓடவைப்பதும் கடினம் என்று எழுதி மயக்கவியல் உலகத்தையே உலுக்கினார். பிரசவத்துக்கு வந்த ஆரோக்கியமான இளம்பெண்கள் இறந்திருந்தார்கள். 1980-களின் முதல் பாதியில் 0.75 சதவீத பூப்பிவகெயினைப் பிரசவத்தில் பயன்படுத்துவதை அமெரிக்கா நிறுத்தியது. ஹைதராபாத் கமிஷன் இதயத்தைப் பார்க்கத் தவறியது நினைவிருக்கிறதா? இந்தத் தடவை பார்த்துவிட்டார்கள். மருந்தைக் குறைத்தே ஆக வேண்டும்.

குறைத்தால் வலி திரும்பிவிடுமே!

அபின் தந்த இரண்டாம் பங்கு

பதில் வேறொரு குடும்பத்திலிருந்து வந்தது. அபினும் மார்ஃபினும் எந்தக் கதவைத் தட்டி வலியைத் தணிக்கின்றன என்பது 1973-இல் தெளிவாயிற்று: மூளையில் அவற்றுக்கென்றே ஏற்பிகள் இருந்தன. தண்டுவடத்திலும் அப்படித்தானா? 1976-இல் டோனி யாக்ஷும் தாமஸ் ரூடியும் எலியின் தண்டுவடத்தருகே நேரடியாக மார்ஃபினை விட்டார்கள். எலி நடந்தது, ஓடியது. வலி மட்டும் உறைக்கவில்லை. தசை நரம்பைத் தொடாமல் வலியை மட்டும் தொடும் மருந்து! 1979-இல் மனிதர்களுக்கும் முதுகு வழியாக மார்ஃபின் கொடுத்துப் பலன் கண்டார்கள்.

பிரசவத்தில் மார்ஃபின் சரிப்படவில்லை. வேலை செய்யத் தொடங்க நேரமாகும். பிள்ளை வலியின் வேகத்துக்கு அதுமட்டும் போதாது. பல மணி நேரம் கழித்து மூச்சை மந்தமாக்கும் ஆபத்தும் உண்டு. பெல்ஜியத்தின் பால் யான்சென் 1960-இல் உருவாக்கிய ஃபென்டனில் அந்த இடத்தைப் பிடித்தது. மார்ஃபினைவிட ஏறத்தாழ 100 மடங்கு வீரியம். கொழுப்பில் எளிதில் கரைவதால் நிமிஷங்களில் தண்டுவடத்துக்குள் இறங்கும். அமெரிக்கத் தெருக்களில் உயிர்களைக் குடிக்கும் ஃபென்டனிலா என்று கேட்பவர்களுக்கு ஆம், அதேதான். ஆனால் இங்கே அளவு மைக்ரோகிராமில், அதாவது ஒரு கிராமைப் பத்து லட்சமாகப் பங்கிட்ட கணக்கில் போகிறது. பக்கத்தில் மருத்துவரும் இருக்கிறார்.

இரண்டையும் சேர்த்தால்? வலி ஒரு திருடன் என்று வைத்துக்கொள்வோம். பூப்பிவகெயின் தெருமுனையில் நின்று அவனை மறிக்கிறது. ஃபென்டனில் வீட்டு வாசலில் நின்று மறிக்கிறது. தெருமுனையில் ஒரு படையையே நிறுத்தினால் திருடன் வரமாட்டான், பால்காரனும் வரமாட்டான். இரண்டு இடத்திலும் ஆளுக்கொரு காவலன் போதும். திருடன் மட்டும் மாட்டுவான்.

1982-இல் ஜஸ்டின்ஸ் குழுவினர் பிரசவ எபிடூரலில் ஃபென்டனில் சேர்த்ததையும் சேர்க்காததையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். சேர்த்தபோது வலி சீக்கிரம் அடங்கியது, நன்றாகவும் அடங்கியது. 1988-இல் அமெரிக்காவின் செஸ்ட்நட் குழுவினர் துணிந்து பாதியாக வெட்டினார்கள். ஒரு பிரிவுக்கு 0.125 சதவீத பூப்பிவகெயின் மட்டும். மறு பிரிவுக்கு அதில் சரிபாதி, 0.0625 சதவீதம், கூடவே மில்லிக்கு 2 மைக்ரோகிராம் ஃபென்டனில். யாருக்கு எது என்று பெண்களுக்கும் தெரியாது, கவனித்தவர்களுக்கும் தெரியாது. வலி நிவாரணம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். காலின் தளர்ச்சி மட்டும் பாதி மருந்து வாங்கியவர்களுக்குக் குறைவு. நம் கலவைக்கு அதைத்தான் பிறந்த நாள் என்று சொல்லத் தோன்றுகிறது.

இறங்கி ஏறிய தராசு

பிறந்த பிள்ளைக்கு எடை பார்க்க வேண்டுமல்லவா? எவ்வளவு குறைவு போதுமானது என்பதை 1995-இல் இங்கிலாந்தின் கொலம்பும் லயன்ஸும் ஒரு விளையாட்டைப் போல அளந்தார்கள். ஒரு பெண்ணுக்குக் கொடுத்த அளவு பலித்தால் அடுத்த பெண்ணுக்கு ஒரு படி குறைவு. பலிக்காவிட்டால் அடுத்தவருக்கு ஒரு படி கூடுதல். பலிக்காதவருக்கு உடனே வேண்டியதைக் கொடுத்து வலியைத் தீர்த்துவிடுவார்கள். ஏறி இறங்கி, இறங்கி ஏறி, தராசு முள் ஓரிடத்தில் நின்றது: பூப்பிவகெயின் 0.065 சதவீதம் இருந்தால் பாதிப் பெண்களுக்கு வலி அடங்குகிறது. பழைய நாளில் கொடுத்த 0.25 எங்கே, இது எங்கே! ஃபென்டனிலைச் சேர்க்கச் சேர்க்க அந்த அளவும் இன்னும் இறங்குவதைப் பிறகு காட்டினார்கள். ஒரு கட்டத்துக்கு மேல் ஃபென்டனிலைக் கூட்டினால் உடம்பெல்லாம் அரிப்புதான் கூடும்.

இதே தராசு இன்னொரு பாடமும் சொல்லிக்கொடுத்தது. இதயத்துக்குப் பூப்பிவகெயினைவிடப் பாதுகாப்பானது என்று 1990-களின் நடுவில் ரோப்பிவகெயின் வந்தது. சம சதவீதத்தில் கொடுத்து ஒப்பிட்டவர்கள், காலை இது அவ்வளவாகத் தளர்த்தவில்லை என்று மகிழ்ந்தார்கள். 1999-இல் தராசில் ஏற்றிப் பார்த்தபோது ரோப்பிவகெயினின் வீரியமே பூப்பிவகெயினைவிடச் சுமார் 40 சதவீதம் குறைவு என்று தெரிந்தது. படியும் மரக்காலும் ஒரே அளவு என்று நினைத்து நெல் அளந்த கதை. இன்று நம் மருத்துவக் கல்லூரிகளில் மயக்கவியல் மேற்படிப்பு மாணவர்கள் பூப்பிவகெயினா ரோப்பிவகெயினா, ஃபென்டனிலா வேறு துணை மருந்தா என்று ஆய்வேடு எழுதும்போது பதிவதும் இவைதான்: பெண் தன் வலிக்கு 0-விலிருந்து 10-க்குள் போடும் மதிப்பெண், காலை எவ்வளவு தூக்க முடிகிறது என்று பார்க்கும் புரோமேஜ் அளவு, இரத்த அழுத்தம், அரிப்பு, பிறந்ததும் பிள்ளையின் நிலையை அளக்கும் ஆப்கார் மதிப்பெண். குறைந்த அளவில், ஃபென்டனிலோடு சேர்த்துக் கொடுக்கும்போது இந்த இரண்டு ‘கெயின்’களுக்கும் நடுவே தாய் உணரும் வித்தியாசம் சொற்பம்.

பெரிய தீர்ப்பு 2001-இல் பிரிட்டனிலிருந்து வந்தது. காமெட் என்ற ஆய்வில் தலைப்பிரசவப் பெண்கள் 1,054 பேர். ஒரு பிரிவுக்குப் பழைய 0.25 சதவீத பூப்பிவகெயின். மற்ற இரு பிரிவுகளுக்கும் குறைந்த அளவுக் கலவை, இரண்டு விதமாக. வலி எல்லாருக்கும் அடங்கியது. பழைய முறையில் 100-க்கு 35 பேர் ஆயுதமின்றித் தாமாகப் பெற்றார்கள். கலவை வாங்கிய இரு பிரிவிலும் 100-க்கு 43 பேர். மருந்தைக் குறைத்ததால் மட்டுமே 100-க்கு எட்டுப் பெண்கள் இடுக்கியிலிருந்து தப்பினார்கள்.

பங்காருபாளையத்துக்கு வரும் வழி

இந்தக் கலவைக்கான பூப்பிவகெயின் விலை உயர்ந்த மருந்தில்லை. சிசேரியனுக்கு முதுகில் போடும் ஊசியிலும் அதுதான் இருக்கிறது. சிறிய மருத்துவமனைகளிலும் கிடைக்கும். ஃபென்டனில் போதைப்பொருள் சட்டத்துக்குள் வருவதால் அனுமதியும், பூட்டிய அலமாரியும், ஆம்பூலுக்கு ஆம்பூல் கணக்கும் வேண்டும். இவ்வளவும் இருந்தாலும் போதாது. பக்கத்துத் தவணம்பள்ளி மண்டலத்து அரகொண்டாவில், அப்போலோ பிரதாப் ரெட்டி பிறந்த ஊரில், 2000-ஆம் ஆண்டிலேயே தொலைமருத்துவம் வந்துவிட்டது. திரையில் டாக்டரின் முகம் வரும், எக்ஸ்ரே போகும். தொலியோட்டி சொன்ன அந்த ‘சட்’ திரை வழியாக வராது. அதற்கு ஒரு கட்டைவிரல் வேண்டும். கட்டைவிரலுக்குரியவர் மருந்து போட்டுவிட்டு அடுத்த ஊர் ஆபரேஷனுக்குக் கிளம்பவும் கூடாது. ஒவ்வொரு தடவை மருந்து ஏறும்போதும் தாயின் இரத்த அழுத்தத்தையும் பிள்ளையின் இதயத் துடிப்பையும் பார்க்க வேண்டும். நள்ளிரவிலும் கூப்பிட்ட குரலுக்கு ஆள் வர வேண்டும். மாங்காய்க் காலத்தில் மார்க்கெட் யார்டில் தோத்தாபுரி லாரிகள் விடிய விடிய நிற்கும் ஊரில்கூட, விடிய விடிய நிற்கும் மத்து டாக்டர் அரிது.

பிரசவத்தில் கவனிக்க வேண்டியவற்றுக்கும் ஒரு வரிசை உண்டு. திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்ததைப் பார்த்துத்தான் ஐடா ஸ்கட்டர் மருத்துவம் படித்துவந்து 1900-இல் வேலூரில் வைத்தியம் தொடங்கினார். நம் பக்கத்து ஜனங்கள் சித்தூர் வழியாக பஸ் ஏறிப்போகும் சிஎம்சி மருத்துவமனை அந்த இரவில் முளைத்தது. முதலில் தாய் பிழைக்க வேண்டியிருந்தது. வலி பின்னால் நின்று காத்திருந்தது. ஆந்திரத்தில் 100-க்கு 96 பிரசவம் மருத்துவமனையில் நடந்தது என்கிறது 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு. அதே கணக்கெடுப்பில் 100-க்கு 42 பிரசவம் சிசேரியன். வலிக்குப் பயந்து கத்தியைக் கேட்கும் வீடுகளை நமக்குத் தெரியும். வலி இனியும் வரிசையில் நிற்க வேண்டியதில்லை. ஆரோக்கியமான கர்ப்பிணி கேட்டால் எபிடூரல் கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2018-இலேயே பரிந்துரைத்துவிட்டது.

“முதுகுல ஊசி போட்டா ஆயுசுக்கும் இடுப்பு வலி” என்பது எந்தத் திண்ணையிலும் கேட்கும் பேச்சு. பதினோராயிரத்துக்கும் அதிகமான பெண்கள் பங்கேற்ற ஆய்வுகளைத் தொகுத்து 2018-இல் வந்த கோக்ரேன் அறிக்கை, எபிடூரலால் நீண்டகால முதுகுவலியும் கூடவில்லை, சிசேரியனும் கூடவில்லை என்கிறது. ஊசி போட்ட இடம் சில நாள் வலிக்கலாம். பியருக்கு வந்த தலைவலி ஏறத்தாழ நூற்றில் ஒருவருக்கு வரலாம். அதற்கு வைத்தியம் உண்டு. இரத்த அழுத்தம் இறங்கலாம், அரிக்கலாம், சிறுநீர் அடைக்கலாம், காய்ச்சல் வரலாம். இரத்தம் உறைவதில் கோளாறு இருப்பவர்களுக்கும், ஊசி போடும் இடத்தில் சீழ் இருப்பவர்களுக்கும் இது கூடாது. வேண்டாம் என்று சொல்லி வலியோடு பெறுவதும் பெண்ணின் உரிமைதான். வேண்டுமா வேண்டாமா என்று அவளைக் கேட்காமலே இருப்பதுதான் தவறு.

அதனால் தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருக்கும் பெண்ணுக்கும் அவள் அம்மாவுக்கும் ஒரு வார்த்தை. வலி எடுத்தபின் கஷாயம் போட்டுக்கொண்டே இதை யோசிக்க முடியாது. ஏழாம் மாதச் செக்கப்புக்குப் போகும்போதே டாக்டரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: இங்கே எபிடூரல் உண்டா? ராத்திரியிலும் மயக்க டாக்டர் இருப்பாரா? குறைந்த அளவுக் கலவைதானா, அதாவது காலை அசைக்க முடியுமா? மூன்றுக்கும் ஆம் என்று பதில் வந்தால், பல்லைக் கடிப்பதா வேண்டாமா என்பதை மகளே முடிவு செய்யட்டும்.